காயக் கூடாத நரித்தோல்

பதப்படுத்தச் சொல்லி என் அண்ணி அடேலிடம் பீவர் தோல் கொண்டுபோகலாம், மார்ட்டன் தோல் கொண்டுபோகலாம், நரி மட்டும் கொண்டுபோகக் கூடாது. பொறி வைத்துப் பிழைக்கிற எங்கள் வடக்கு ஏரிக்கரையில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாமல் ஒருவன் போன மாதம் கொண்டுபோனான். நான்தான் வாசலிலேயே மறித்து நன்றாகத் திட்டி அனுப்பினேன்.

தோல் வேலையில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அவள் பதப்படுத்திய தோலை வியாபாரி கண்ணை மூடிக்கொண்டே தடவிப் பார்த்து அவளுடையது என்று சொல்லிவிடுவான். ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்காது, கத்தி பட்ட ஓட்டை இருக்காது. என் அண்ணன் இசிடோர் பொறி வைப்பதில் சூரன்தான். ஆனால் தோலை உரித்துக் கொடுத்ததோடு அவன் வேலை முடிந்தது. அப்புறம் தேநீரும் வாய்ப்பேச்சும்தான்.

ஒரே ஒரு வேலையை மட்டும் இருவரும் சேர்ந்து செய்தார்கள். நரித்தோலைக் காலுறை கழற்றுகிற மாதிரி உரிப்போம், மயிர் உள்ளே போய்விடும். அப்படியே நீளப் பலகையில் மாட்டி, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைப்போம். மேல்பக்கம் காய்ந்ததும், விறைத்துப்போவதற்கு முன்னால், மயிர் வெளியே வரும்படி திருப்பிவிட வேண்டும். பிந்தினால் மரக்கட்டையாகிவிடும், இழுத்தால் கிழியும். அடேல் தனியாகவே திருப்பிவிடுவாள். ஆனாலும் கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து அண்ணன் விளிம்பைப் பிடித்துக்கொள்வான், இவள் உள்ளே கைவிட்டு மூக்கைப் பிடித்து இழுப்பாள்.

"கெட்டியா பிடிங்க. சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க!"

"நான் மட்டும் விட்டேன்னு வை, நரியோட சேர்ந்து அடுப்புல போய் விழுவ."

பிள்ளை இல்லாத வீடு. இந்தச் சிரிப்புதான் அங்கே சத்தம். எனக்கு அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

ஒரு வருடம் ஏரி உறைந்த புதிதில் ஒரு கருநரி கிடைத்தது. மயிர் நுனியெல்லாம் வெள்ளி. அண்ணன் உரித்தான், அண்ணி சுரண்டிப் பலகையில் ஏற்றினாள். காலையில், ஏரியில் சேரும் ஆற்று வாயில் வைத்திருந்த பீவர் பொறிகளைப் பார்க்க அண்ணன் நாய்வண்டியில் கிளம்பினான்.

"நான் வந்துதான் திருப்பணும். நீ மட்டும் கை வச்சே, அப்புறம் இருக்கு உனக்கு" என்றானாம்.

"தோல் என்ன உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? காயறதுக்குள்ள வந்து சேருங்க" என்றாளாம் இவள்.

மறுநாள் வர வேண்டியவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் நாய்கள் மட்டும் வந்தன, வண்டி இல்லாமல். என் புருஷன் நோயல் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தேடப் போனான். நான் அண்ணிக்குத் துணையாக இருக்கப் போனேன்.

வீட்டுக்குள் வெளியே மாதிரியே குளிர். அடுப்பில் ஒரே ஒரு கட்டை புகைந்துகொண்டிருந்தது. நரிப்பலகை அடுப்புப் பக்கம் இல்லை, கதவிடுக்கில் காற்று வருகிற இடத்தில் சாய்த்து வைத்திருந்தாள். தோல்மேல் ஈரத்துணி சுற்றியிருந்தது. புளித்த வாடை வீசியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணி, உனக்கென்ன பைத்தியமா? நீயா இப்படிப் பண்றே? தோல் கெட்டுப்போகும்!"

அவள் துணியை விலக்கி விரலால் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் காயல பாரு. காயறதுக்குள்ள வரச் சொன்னேன். அவர் ஒண்ணும் லேட் இல்ல."

அய்யோ, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துணி காயத் தொடங்கியபோது நானே எழுந்து வாளித் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து சுற்றினேன். தோல் ஈரமாக இருக்கிறவரை என் அண்ணன் வந்துகொண்டிருக்கிறான் என்று நானும் நம்பினேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் நோயல் வந்தான். கையில் ஒற்றைக் கையுறை. அடேலே தைத்தது, மணிக்கட்டில் சிவப்பு மணிப் பூ வைத்து.

"ஆத்து வாயில ஐஸ் உடைஞ்சு கெடக்கு, அக்கா. இது ஓரத்துல கெடந்துச்சு. அவர் இல்லக்கா" என்றான்.

நான் அலறினேன். அவள் அழவில்லை. கையுறையை வாங்கி மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுப்பு நிறையக் கட்டை போட்டாள். தோலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பலகையைத் தூக்கி வந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே காயட்டும்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அந்த அழுகையை என் எதிரிகூடக் கேட்க வேண்டாம்.

வசந்தத்தில் ஐஸ் போனதும் அண்ணன் கரை ஒதுங்கினான். பெட்டியில் வைத்து மூடப்போகும்போது அடேல் அந்த நரித்தோலை எடுத்துக்கொண்டு வந்தாள். மட்டை மாதிரி விறைத்திருந்தது, மயிர் இன்னும் உள்பக்கம்.

"ஈரத்துணி சுத்தி வச்சா இளகிடும் அண்ணி. திருப்பிடலாம், நான் பிடிக்கிறேன். அவ்வளவு அழகான மயிரு" என்றேன்.

"வேணாம்மா" என்று தலையாட்டினாள். கையுறை இல்லாத அவனுடைய வலது கையை எடுத்து, தோலுக்குள் மெல்ல நுழைத்தாள். "மயிர் உள்ளயே இருக்கட்டும். அவருக்குக் கை குளிரும்."