நாற்பத்தாறாம் பக்கத்துச் செல்வி

போன புதன்கிழமை ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். பாராட்டு எனக்கு இல்லை, பயப்படாதீர்கள்!

எங்கள் காரைக்குடி வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் பத்து நிமிடம். அங்கே பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் நிறுவனத்துக்கு, ஆண்-பெண் சமத்துவ ஆய்வுக்காக விருது கிடைத்திருக்கிறது. ஆய்வில் பதில் சொன்ன பெண்களையும் அழைத்திருந்தார்கள். நானும் ஒருத்தி. கூட்டத்துக்கெல்லாம் தனியாகப் போய் எனக்குப் பழக்கமில்லை. தம்பிதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை... ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்!

போன வருஷம் கவிதா என்கிற ஆராய்ச்சி மாணவி வீட்டுக்கு வந்தாள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"ஒங்க பேரு என்னம்மா?"

சட்டென்று வாயில் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் 'திருப்பத்தூரா'. மருமகள்களைப் பிறந்த ஊர் சொல்லித்தானே இங்கே கூப்பிடுவார்கள்? அடுத்த வீட்டில் ஒரு 'நாட்டரசன்கோட்டையா' இருக்கிறார். அவர் நிஜப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்களும் வாராவாரம் என்னை அந்த ஊர்ப் பெயரில்தானே படிக்கிறீர்கள்?

கவிதாவிடம் என் பெயரைச் சொன்னேன். மற்றதும் தானாக வந்துவிட்டது.

விழாவில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். என் பெயர் எங்கும் இல்லை. கூச்சத்தை விட்டு கவிதாவைக் கேட்டேன்.

"நாப்பத்தாறாம் பக்கம் பாருங்கம்மா. செல்வின்னு வர்றது நீங்கதான். நீங்க சொன்னத வீட்டாளுக படிச்சு மனசு சங்கடப்படக் கூடாதுல்ல? அதான் பேர மாத்திட்டோம்."

நல்ல மனசுதான். ஆனாலும்... அழுதது நான், பெயர் செல்விக்கா?

அதற்குள் தம்பி வந்து புத்தகத்தை வாங்கினான். திறந்திருந்த பக்கத்தையே சத்தமாகப் படித்தான். வாத்தியார் பழக்கம்!

"'அஞ்சாப்பு பாஸாயிட்டேன். அம்மா நடவுக்குப் போகணும். கைப்பிள்ளைய யாரு பாக்குறது? என்னய நிப்பாட்டிட்டாக. ஆறாப்புக்கு எடுத்து வச்ச நீலப் பாவாடைத் துணி பொட்டியிலயே கெடந்துச்சு. தம்பி ஒண்ணாப்புக்குப் போகையில அதுலதான் அவனுக்கு டவுசர் தச்சாக. அன்னைக்குத்தான் அழுதேன்.'"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"பாவம்க்கா இந்தச் செல்வி. அந்தத் தம்பிப்பய இவளை ஒரு நாளாச்சும் நெனச்சுப் பாத்திருப்பானா?"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கும் ஒரு நீல டவுசர் இருந்துச்சுல்லக்கா?"

"இருந்துச்சு."

"அது யாருக்கு எடுத்த துணி?"

நல்லவேளை, டீயும் வடையும் வந்தன.

"வடை ஆறிரும். தின்னு தம்பி" என்றேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவன் என் தமிழை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. வழக்கமாக வழி நெடுக அதுதான் அவன் வேலை.

அவனா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினான்? தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை! வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றித்தானே அவர்களும் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள்? பின்னே நான் எதற்கு வேறொருத்தியின் பெயருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்?

இந்தப் பத்தியை வாராவாரம் தம்பிதான் பிழை திருத்தித் தருவான். இந்த வாரம் அவனிடம் காட்டாமலேயே அனுப்புகிறேன். ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, அந்தச் செல்வி நான்தான். உன் அக்கா ஆரோக்கியமேரி.

டவுசர் உனக்கு ரொம்ப அழகாகத்தான் இருந்தது.