விரதத்திலும் மாத்திரை

எனக்கு நெஞ்சு வலி இல்லை. மயக்கம் இல்லை. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனாலும் தினமும் இரண்டு மாத்திரை போடுகிறேன். இதை எங்கள் ஆட்களுக்குப் புரிய வைப்பதைவிட கிள்ளானிலிருந்து பினாங்குக்கு நடந்து போவது சுலபம்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். கணவர் ஓட்டிய வேன். அவர் போன பிறகு நான் லைசன்ஸ் எடுத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. லைசன்ஸைப் புதுப்பிக்க டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். அப்படிப் போன ஒரு வருடம்தான் கிளினிக்கில் பிரஷர் கூட என்றார்கள், ரத்தத்தில் கொழுப்பும் கூட என்றார்கள். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். குடும்பத்தில் யாருக்காவது இருதயக் கோளாறு உண்டா என்று மலாயில் கேட்டார்.

சொன்னேன். அப்பா, தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையில் விழுந்தார். பெரியப்பா, தூக்கத்தில். சின்ன அண்ணன், பாசாரில் மீன் பேரம் பேசிக்கொண்டே. ஒருவரும் அறுபதைப் பார்க்கவில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இது வந்த பிறகு சாப்பிடும் மருந்து இல்லை, வராமல் இருக்கச் சாப்பிடுவது என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். சாகும் வரை என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

முதலில் போட்ட மாத்திரையில் கால் சதை வலித்தது. நிறுத்தவில்லை. போய்ச் சொன்னேன். வேறு மாற்றிக் கொடுத்தார். வலி போனது. அவ்வளவுதான் கதை. வேனுக்குக் கறுப்பெண்ணெய் மாற்றுகிறோம். இஞ்சின் உடைந்த பிறகா மாற்றுவார்கள்?

நாங்கள் கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே விழுந்தவனுக்குத்தான் மருந்து. நிற்கிறவனுக்கு வேலை. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. கிள்ளானில் வீடு வாங்கியும் போகவில்லை.

பெரிய அண்ணனுக்கு அது ரொம்ப. அப்பா போன பிறகு குடும்பத்துக்கு அவர்தான் தலை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் எங்கள் பால்குடக் குழுவுக்கும் அவர்தான் தலை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று ஒரு பஸ் நிறைய ஆள். எல்லோருக்கும் வேல் படம் போட்ட மஞ்சள் சட்டை. அவர் வீட்டுச் சாமி மேடை முன்னால் அவர் கையால் காப்புக் கட்டிக்கொண்டு விரதத்தைத் தொடங்குவோம். கவுச்சி இல்லை, கட்டில் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு. மருந்தும் இல்லை. இந்தக் கடைசிச் சட்டம் அண்ணன் போட்டது. அவருக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. காப்பு அன்று நிறுத்துவார். பூசம் முடிந்தால் மறுபடி தொடங்குவார், ஞாபகம் இருந்தால்.

ஆனால் ஜூஸ் குடிப்பார். நீண்ட ஆயுசு கொடுக்கும் ஜூஸ் என்று யாரோ தங்கக் கலர் பெட்டியில் விற்ற போத்தல். அதை விரதத்திலும் விடமாட்டார். அது பழமாம்.

முன்பெல்லாம் நானும் விரதத்தில் எதுவும் போட்டதில்லை, போட எதுவும் இல்லை. மாத்திரை தொடங்கிய பிறகு வந்த முதல் விரதத்துக்கு முன்னால் டாக்டரிடம் போனேன். ஒரு வேளைதான் சாப்பிடுவேன், என்ன செய்ய என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு போடு, தண்ணீர் நிறையக் குடி, நிறுத்தாதே என்றார். சரி என்றேன்.

காப்பு அன்று மாலை அண்ணன் வீட்டு ஹால் நிறைய ஆள். அண்ணி தட்டில் மஞ்சள் கயிறுகளை வைத்துக்கொண்டு நின்றார். என் முறை வந்தது. கையை நீட்டினேன். அண்ணன் கயிற்றை எடுத்தவர் கட்டவில்லை.

"மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சா?"

"இல்ல."

"என்னா இல்ல?"

"நிறுத்தல. நிறுத்தவும் மாட்டேன்."

பின்னால் ஒருவர் இருமினார்.

"ஒனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே. அப்புறம் எதுக்கு?"

"வராம இருக்கத்தான்."

"அத முருகன் பாத்துப்பான்லா."

"சின்ன அண்ணனும் வருசா வருசம் காவடி எடுத்துச்சி."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் முகம் சிவந்தது.

"நூறு வயசு வாழணுமா ஒனக்கு?"

"கெடச்சா வாழ்றேன்."

"யாருக்காக? புருசன் இல்ல, புள்ள இல்ல. யாருக்காக?"

"எனக்காக."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் கயிற்றைத் தட்டில் போட்டார்.

"அப்ப இந்தக் குழுவுல ஒனக்கு எடம் இல்ல. மாத்திரைய விட்டுட்டு வா, கட்டி விடுறேன்."

தட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தேன். ஒரு நுனியைப் பல்லால் கடித்து, மறு நுனியை இழுத்து, நானே என் கையில் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கசந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

விரதம் ஓடியது. விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றினேன், இறக்கினேன். பாயில் படுத்தேன். சாயங்காலம் சோறு, அதன் பிறகு மாத்திரை. செமினியிலிருந்து அத்தை போன் பண்ணினார்.

"ஒனக்குச் சாவு பயம் வந்துருச்சிடி."

"ஆமாத்த. ஒங்களுக்கு இல்லையா?"

"எனக்கென்ன பயம்?"

"அப்ப ரோட்ட கடக்கையில ரெண்டு பக்கமும் பாக்காம நடங்க."

போனை வைத்துவிட்டார்.

குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்று எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. கஷ்டமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்து அவர்களோடு நடந்தவள் நான். மாத்திரையை விட்டால் மறுநாளே சேர்த்துக்கொள்வார்கள் என்றும் தெரியும். ஒரு சாயங்காலம் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு விழுங்கினேன். வேன் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் ஸ்டியரிங்கில் சாய்ந்தால் அண்ணனா வந்து பிரேக் போடுவார்?

பூசத்தன்று கிள்ளானில் ரயில் ஏறினேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ஸ்டேஷனில் இறங்கி மாற வேண்டும். அங்கே எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி, கைக்குழந்தைகள், செம்புகள். இடித்துக்கொண்டு ஏறினோம். பத்துமலையில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போனேன். குளித்தேன். பாலைக் குடத்தில் ஊற்றினேன், அதன் வாயை மஞ்சள் துணியால் கட்டினேன்.

அப்போதுதான் உறைத்தது. குடத்தைத் தலையில் தூக்கி வைக்க ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருடமும் அண்ணன்தான் வைத்தார். காப்பை நாமே கட்டிக்கொள்ளலாம். குடத்தை நாமே ஏற்றிக்கொள்வதில்லை, அது வழக்கமும் இல்லை.

சுற்றிலும் உறுமிச் சத்தம். ஒவ்வொரு குழுவும் தன் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. யாரையாவது கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். எதிரே அண்ணி. வேல் படம் போட்ட சட்டை, ஈரத் தலை. பத்தடி பின்னால் எங்கள் குழு.

"நிமிந்து நில்லு" என்றார் அண்ணி.

குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்தார். சும்மாட்டைச் சரி செய்தார். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார்.

"ஏய், இங்க என்னா பண்ற? அவதான் விரதத்த கெடுத்துட்டாளே."

"அப்ப நானும் கெடுத்தவதான்."

"என்னாது?"

"நானும் போடுறேன். நேத்தும் போட்டேன். போன வருசமும் போட்டேன். ஒங்க ஜூஸ் போத்தலுக்குப் பின்னாலதான் வச்சிருக்கேன்."

உறுமிச் சத்தத்திலும் அது குழுவுக்குக் கேட்டுவிட்டது. ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி குனியவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் போடுகிறாள் போல.

"எத்தன வருசமா?" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"நடக்கும்போது பேசலாம். பால் திரிஞ்சிரும்" என்றார் அண்ணி. ஒரு பெண்ணிடம் சொல்லித் தன் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். பிறகு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

அண்ணன் பாதையின் நடுவில் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. வயதாகிவிட்டது அவருக்கு. எங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரே ஆண். அதை அவர் முருகன் கணக்கில் எழுதியிருக்கிறார். எழுதட்டும். என் கணக்கை நான் எழுதிக்கொள்கிறேன்.

குடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"வழி விடுங்கண்ணே. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

விலகினார். வேல் வேல் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நடந்தோம். அண்ணியின் கொலுசு பின்னால் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னும் சில கால்கள் சேர்ந்த மாதிரி இருந்தது. அதில் அண்ணன் கால் உண்டா என்று தெரியவில்லை. தலையில் குடம். திரும்பிப் பார்த்தால் பால் சிந்தும்.