அவள் விட்ட இடம்

என் தம்பிக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். ஊமைக்கோட்டான் என்றுதான் சின்ன வயதிலிருந்தே அவனைக் கூப்பிடுவோம். தோல் பர்ஸ் தைக்கிற தொழில் அவனுக்கு வாகாகத்தான் அமைந்தது. பர்ஸ் எதிர்த்துப் பேசாது, நாள் முழுக்க அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் ஒரு வாயாடி. பெல்ட் கம்பெனியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் பேசப் பேச இவன் தலையாட்டினானாம், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளாம். அவளே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனியை விட்டுவிட்டு, ஒரு அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை பிடித்துச் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தார்கள். பின்னறையில் குடித்தனம், முன்னறையில் தொழில். கீழே மெஷின் ஓடினால் மேலே அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுக்கும். அந்தச் சத்தத்தையும் மீறி அவள் பேசுவாள்.

தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கையால் பர்ஸ் தைப்பது சட்டை தைப்பது போல அல்ல. ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. தோலை ஒரு மர இடுக்கியில் மாட்டி, இடுக்கியைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். குத்தூசியால் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் இந்தப் பக்கத்து ஊசியும் போகும், அந்தப் பக்கத்து ஊசியும் வரும். எந்தக் கை ஊசி முதலில் நுழைகிறதோ அதைப் பொறுத்துத் தையல் ஒரு பக்கமாகச் சாயும். தம்பி வலது கைக்காரன், அவன் தையல் வலப்பக்கம் சாயும். அவளோ நொட்டாங்கை. கதவைத் திறப்பதிலிருந்து என்னை மிரட்டுவது வரைக்கும் இடது கைதான். அவள் தையல் இடப்பக்கம் சாயும்.

அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் ஊசி போட்டார்களோ அவர்களேதான் முடிக்க வேண்டும். ஒருவர் பாதியில் விட்டதை மற்றவர் எடுத்தால் தையல் நடுவில் திரும்பிக்கொள்ளும், பார்க்க அசிங்கமாக இருக்கும். காய்ச்சல் வந்தாலும் சரி, வேலை அவரவருக்காகக் காத்திருக்கும். "உங்க தம்பி என் பர்ஸத் தொட்டா கைய ஒடிச்சிருவேன், சொல்லி வைங்க அண்ணி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அவள் போனது ஒரு மத்தியானம். தைத்துக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறது, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று உள்ளே போனாள். இவன் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் எழுப்பினான். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். நோய் நொடி என்று எதுவும் கிடையாது, எமனோடு சண்டை போடவாவது ஒரு காரணம் வேண்டாமா.

அன்றைக்கு வந்தவள் நான், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். தம்பி ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். அடுத்த வாரமே தைக்க உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டால் வருவான், போட்டால் சாப்பிடுவான். வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் சமைத்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். எனக்குத்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அழுது தொலைடா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "வரலக்கா" என்பான், ஏதோ பஸ் வரவில்லை என்கிற மாதிரி.

அவள் கடைசியாகத் தைத்த பர்ஸ் அவளுடைய இடுக்கியிலேயே இருந்தது. ஏறக்குறையப் பாதி ஆகியிருந்தது. விட்ட இடத்தில் நூல் இரண்டு பக்கமும் ஊசியோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சுற்றித்தான் பெருக்குவேன், ஊசியில் துணி மாட்டாமல் தூசி தட்டுவேன். அவள் தைத்ததெல்லாம் விற்று, யார் யார் பாக்கெட்டிலோ இருக்கிறது. வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான். தம்பி வேலைக்கு நடுவில் எழுந்து அதன் முன்னால் போய் நிற்பான். தொட மாட்டான். அவள் போட்ட கடைசித் தையலைக் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்காருவான்.

அது மருந்துக்கடைக்காரம்மா தன் மகனுக்காகச் சொல்லியிருந்த பர்ஸ். தங்கமான மனுஷி, இத்தனை மாதமாக வாயே திறக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை படியேறி வந்தாள். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கிளம்புகிறான் என்றாள்.

"வேற ஒண்ணு தர்றேங்க" என்றான் தம்பி.

"வேற வேணாம் தம்பி. அவங்க கையால தைச்சுத் தர்றேன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தாங்க. அதுக்காகத்தான் கேட்டேன். அவங்க தைச்சு வச்சிருந்தாக் குடுங்க, இல்லன்னா பரவால்ல."

அந்தம்மா போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "பிரிச்சுட்டு முழுசா நீயே தைச்சுக் குடுத்துடு" என்றேன்.

"அவ தையலப் பிரிக்கவா?"

"அப்ப இப்படியே வச்சுக் கும்பிடு. இடுக்கி கடிச்சுத் தோல்ல தழும்பு விழப்போகுது. அப்புறம் அந்தப் பிள்ளைக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது."

 அன்றிலிருந்து அவன் மேஜைக்குக் கீழே துண்டுத் தோல்கள் சேர ஆரம்பித்தன. எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தையல், எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தது. முதலில் போட்டவை கோணல்மாணல். போகப் போக நேராகியிருந்தன. இடது கையை முன்னால் விட்டுப் பழகிக்கொண்டிருந்தான். விரல் முழுக்கப் பிளாஸ்திரி. வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றான்.

வியாழக்கிழமை காலையில் அவளுடைய முக்காலியில் போய் உட்கார்ந்தான். புது நூல் கோக்கவில்லை. நூல் மாற்றினால் அந்த இடத்தில் இரண்டு தையல் மேலே மேலே போட வேண்டும், கொஞ்சம் தடித்துத் தெரியும். அவள் விட்டுவைத்த நூலே போதும் என்று, அதில் மெழுகு மட்டும் தடவிக்கொண்டான். இடது கை ஊசி முதலில் போனது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டீ கொண்டுவந்தபோது பர்ஸ் இடுக்கியை விட்டு வெளியே வந்திருந்தது. தையல் அமுங்குவதற்காகச் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, மறுபடி மெழுகு போட்டு, ஓரங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கியும் விட்டிருந்தான். எந்தப் பர்ஸ் முடிந்தாலும் செய்வதுதான், கை தானாகச் செய்துவிடும். இப்போது கட்டைவிரல் நகத்தைத் தையல் மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடற?"

"அவ விட்ட இடம்க்கா."

பிடுங்கிப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே சாய்வு. புரட்டினால் பின்பக்கமும் அப்படியே. எது அவள் தைத்தது, எது இவன் தைத்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"ஒரு ஓரத்துல பென்சிலால புள்ளி வச்சிருக்கக் கூடாதாடா மடையா?"

"தோணலக்கா. அவ மாதிரி வரணும்னு மட்டும்தான் இருந்துச்சு." என் கையிலிருந்த பர்ஸைக் குனிந்து பார்த்து, "வளைவுக்கு முன்னாடின்னு நெனைக்கிறேன். நீதான தினம் துடைச்ச, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றான்.

எனக்கு எங்கே ஞாபகம்? துணி மாட்டக் கூடாதே என்று ஊசியைத்தான் பார்த்தேன், தையலைப் பார்க்கவில்லை. ஆனாலும் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "இதுதான்டா, நல்லாத் தெரியும்" என்றேன்.

"பொய் சொல்லாதக்கா" என்றான், கோபமே இல்லாமல்.

அந்த நேரம் பார்த்துத்தான் மருந்துக்கடைக்காரம்மா வந்தாள். பர்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பர்ஸ் இடுக்கியில் பாதியில் நின்றது அந்தம்மாவுக்குத் தெரியாது.

"பாத்தீங்களா, அவங்க கையே தனி. முழுசா முடிச்சு வச்சுட்டுத்தான் போயிருக்காங்க" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "ஆமாங்க. முழுசும் அவதான் தைச்சா" என்றான். பர்ஸ் கைப்பைக்குள் போனது. அந்தம்மா படியிறங்குகிற சத்தம் கேட்டது, பிறகு மெஷின் சத்தம்தான்.

அவன் காலி இடுக்கியை எடுத்துத் துடைத்துச் சுவரோரம் சாத்தினான். தன் இடத்தில் வந்து உட்கார்ந்தான்.  அந்த வாயாடி செத்த அன்றைக்குக் கூட நான் இப்படி அழவில்லை, இப்போது கண்ணீர் பொலபொலவென்று வந்தது, நிறுத்த முடியவில்லை.

"இப்பவாவது அழுடா" என்றேன்.

"எதப் பாத்துக்கா அழறது?" என்றான். "இத்தன நாளா அவ விட்ட இடம்னு ஒண்ணு இருந்துச்சு."