மூலைக்கொடிப் பக்கம் போன பந்து

குற்றச்சாட்டு: 1899 பிப்ரவரி 3 அன்று ஹெதர்லோ கால்பந்துக் கழகச் செயற்குழு, அணித்தலைவர்களின் பெயர்ப்பலகையைப் புதுப்பித்தபோது ஆம்ப்ரோஸ் திர்கெலின் பெயரை மட்டும் விட்டுவிட்டது. காரணம் கேட்டேன். குழுத்தலைவர், கசாப்புக்கடை பில்லிங், வாய்மொழியாகச் சொன்னது இது: "கோப்பையைத் தூக்கிக் குடுத்தவனுக்குப் பலகை ஒரு கேடாய்யா?"

கோப்பை கைநழுவிய அந்த 1892 ஆட்டத்தில் விழுந்தவன் நான்: நெட் க்ரிம்ஷா, தறிக்காரன். என்னை இன்றுவரை எவரும் விசாரிக்கவில்லை.

திர்கெல், ஒரு பாதிரியாரின் மகன்; கல்லூரியில் படித்தவர். ஆயினும் ஆலைக்காரர்களான எங்களோடு ஆறு குளிர்காலம் சேற்றில் ஆடினார். கூலி பெற்றதில்லை.

1892 மாவட்ட இறுதியாட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எதிரணிக் கோலுக்கு முன்னே நான் விழுந்ததும் நடுவர் பெனால்டிக்கு ஊதினார். திர்கெல் என்னைத் தூக்கிவிட்டார்.

"தட்டிவிட்டானா, நெட்?"

"இல்லீங்க கேப்டன். யாரும் தொடலை. நானா வழுக்கிட்டேன்."

அதை அப்படியே நடுவரிடம் சொன்னார்.

"ஊதினது ஊதினதுதான். உதைங்க," என்றார் அவர்.

குற்றம் செய்யாத எதிரியைத் தண்டித்துக் கோல் போடுவதை அக்காலக் கனவான் ஆட்டக்காரர்கள் இழிவாகக் கருதினர். திர்கெல் பந்தை மூலைக்கொடிப் பக்கம் நிதானமாக உருட்டிவிட்டார். தோற்றோம்.

அந்த இலையுதிர்காலத்தில் ஊர்ப்பள்ளி ஆசிரியரானார். கடைக்குப் போகும்போதெல்லாம் பில்லிங் சீண்டுவார்: "வாத்தியாரே, வாசல் இங்க இருக்கு. பார்த்து, உங்க பந்து மாதிரி வெளிய போயிடப் போறீங்க."

"பழகிப்போச்சு பில்லிங். அரை ராத்தல் ஈரல் போடுங்க."

மறு ஆண்டு பள்ளி ஆய்வாளர் வந்தார். ஒரு மாணவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி பாடத்தை மடமடவென ஒப்பித்தான். ஆய்வாளர் அதைக் கவனியாமல் தேர்ச்சி என்றார். திர்கெல் எழுந்தார்.

"ஐயா, அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் இன்னும் ஒழுங்கா சொல்லிக்குடுக்கலை."

பள்ளியின் அறிக்கை கெட்டது, நிர்வாகிகள் சீறினார்கள். அவரோ மாலைதோறும் அம்மாணவனைத் தம் வீட்டில் உட்காரவைத்தார். கோடைக்குள் அவன் வாசித்தான்.

பலகையில் பெயர் விடுபட்டதைப் பற்றி அவர் செயற்குழுவாகிய உங்களிடம் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன். ஆட்ட அட்டையும் பத்திரிகைச் செய்தியும் என்னிடம் பத்திரமாக உள்ளன. அந்தப் பெனால்டி நியாயமெனில், என்னைத் தட்டிவிட்டவன் யாரெனக் குறிப்பிடுக. இல்லையெனில், திர்கெலின் பெயரை அதன் இடத்தில் எழுதுக. எதுவாயினும், மார்ச் முதல் தேதிக்குள் செயற்குழுவின் கையொப்பத்துடன் எழுத்துமூலம் பதில் தருக.