பாளையங்கால்வாயில் எடுத்த மழை

நான் முறையாக நாட்டியம் படித்தவள். எட்டு வருஷம். எனக்கும் என்னைவிட மூன்று வயது மூத்த அக்காவுக்கும் ஒரே நட்டுவனார், ஒரே தட்டுக்கழி, ஒரே அடி. படிப்பு முடிந்ததும் சலங்கை கட்டி ஒரு கல்யாண வீட்டில் என்னை ஆட விட்டார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது இடப்பக்கத்துக் குத்துவிளக்கு புகைவதைப் பார்த்தேன். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. ஜதியோடு ஜதியாக விளக்கருகே போய்த் திரியை உள்ளே இழுத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, சரியான அட்சரத்தில் திரும்பி வந்து நின்று முடித்தேன். தாளம் இம்மி பிசகவில்லை. நட்டுவனார் அதற்காகப் பெருமைப்படுவதா, மற்றதற்காகத் தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் அதை அபிநயம் என்று நினைத்தார்கள். விரகதாபத்தில் நாயகி விளக்கைத் தணிக்கிறாள் என்று ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம்கூடச் சொன்னாராம்.

இரண்டாவது கச்சேரியில் மத்தளக்காரரின் பாய் மடங்கிக் கிடந்தது. அதையும் போய்ச் சரிசெய்தேன். மூன்றாவது கச்சேரிக்கு யாரும் கூப்பிடவில்லை.

அக்கா அப்படியில்லை. மேடையில் ஏறிவிட்டால் பின்னால் வீடு பற்றி எரிந்தாலும் திரும்ப மாட்டாள். அவளுக்குக் கனத்த குரல். அந்தக் குரலுக்கு நாயகி வேஷத்தைவிட ராஜா வேஷம்தான் பொருந்தும் என்று கண்டுகொண்டு, நாடகத்தில் இறங்கி, சொந்தமாகவே ஒரு கம்பெனியும் தொடங்கிவிட்டாள். அவள் மீசை ஒட்டிக்கொண்டு வந்து நின்றால் முன்வரிசை ஆண்கள் தங்கள் மீசையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். படுதாவை எப்போது இறக்குவது, யார் எந்தப் பக்கம் நுழைவது, மந்திரிக்கு வெற்றிலையைத் துப்ப நேரம் இருக்கிறதா, எல்லாம் என் பொறுப்பு. அதற்குப் பெயர் ஒன்றும் கிடையாது. யாராவது கேட்டால், "கூடமாட இருக்கா" என்பாள் அக்கா. காட்சி மாறும்போது விசில் அடித்தால்தான் படுதாக்காரர்களுக்குத் தெரியும். ஊதலை எங்கோ தொலைத்துவிட்டதால் இரண்டு விரலை வாயில் வைத்து நானே அடிப்பேன். பொம்பளை விசிலடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் ஆர்மோனியக்காரர் அடிக்கடி சொல்வார். எங்களுக்கு வீடே இல்லை, ஊர் ஊராகக் கொட்டகைதானே என்று நானும் அடிக்கடி சொல்வேன்.

மகாயுத்தத்துக்கு மூன்று நான்கு வருஷம் முன்பு, ஒரு தை மாதம் பாளையங்கோட்டைக்கு வந்தோம். பாளையங்கால்வாய்க் கரையை ஒட்டி எங்களுக்கு ஓலைக்கொட்டகை போட்டிருந்தார்கள். ஒருபக்கம் கால்வாய், பின்பக்கம் வயல். எங்களுக்கு முன்னால் அந்த ஊரில் ஆடிவிட்டுப் போன கம்பெனி, மேடையில் நிஜக் குதிரையை ஏற்றியதாம். ஊர் முழுக்க அந்தக் குதிரையைப் பற்றித்தான் பேச்சு. நடிகர்களில் ஒருவர் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. அக்காவுக்கு இது பொறுக்கவில்லை.

எங்களிடம் ஒரு நாடகம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் மழையில்லாத நாடு. ராஜா நாட்டைத் துறந்து காட்டுக்குப் போய்த் தவமிருக்கிறான். கடைசியில் மழை பெய்கிறது. அந்த மழைக்கு நாங்கள் செய்வதெல்லாம், தகரத்தைத் தட்டி, பரணிலிருந்து அரிசிப்பொரியைத் தூவுவதுதான். அக்கா என்னிடம், நிஜத் தண்ணீரில் மழை பெய்ய வைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம்.

இரண்டு நாள் யோசித்தேன். மூங்கில்களின் உள்கணுவைக் குடைந்தெடுத்து, அடிப்பக்கம் முழுக்க ஊசித்துளை போட்டு, மேடைக்கு மேலே வரிசையாகக் கட்டச் சொன்னேன். பின்னால் பரண் கட்டி, அதில் மூன்று பீப்பாய்கள். பீப்பாயைத் திறந்தால் தண்ணீர் மூங்கில் வழியாக ஓடிச் சொரிய வேண்டும். கால்வாயிலிருந்து குடம் குடமாக மொண்டு ஆள் மாற்றி ஆள் பரணுக்கு ஏற்றினோம். மந்திரி, சேனாதிபதி, இரண்டு ராணிகள் எல்லாரும் குடம் தூக்கினார்கள். ஆர்மோனியக்காரர் மட்டும் தன் விரல்களைக் காட்டி விலகிக்கொண்டார்.

பகலில் ஒத்திகை பார்த்தபோது மழை பெய்தது. அக்கா மேடையில் நின்று தலையை நிமிர்த்திச் சிரித்தாள். அப்போதுதான் மண்வெட்டியைத் தோளில் போட்டபடி ஒருவர் கொட்டகைக்குள் நடந்து வந்தார். மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற மடைக்காரர் அவர். கொட்டகைக்குப் பின்னாலிருந்த வயல் அவருடையது. பிசானப் போகத்து நெற்பயிர் பால் பிடிக்கிற சமயம். அன்று அவருடைய முறை. அவர் வாய்க்காலுக்கு வந்துசேர வேண்டிய தண்ணீர் குறைகிறதே என்று கரையோடு நடந்து வந்தவர், இரண்டு ராணிகள் குடம் மொள்வதைப் பார்த்திருக்கிறார்.

"இங்கன யாருளா பெரியாளு? ஆம்பளையாரும் இல்லியா?" என்று கேட்டார்.

மேடையில் ராஜா வேஷத்தில் இருந்த அக்கா மீசையோடு திரும்பினாள். அவர் ஒரு நிமிஷம் நிம்மதியடைந்து அவளிடம் முறையிடப் போனார். அவள் பேசிய பிறகுதான் விஷயம் புரிந்து, இன்னும் கோபமானார். என் முறைத் தண்ணீரைத் திருடி மேடையில் ஊற்றி விளையாடுகிறீர்கள், தாலுகா கச்சேரிக்குப் போகிறேன் என்றார். ஆர்மோனியக்காரர் அவரிடம் கலையின் மகிமையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். மடைக்காரர் மண்வெட்டியைத் தோள் மாற்றியதும் நிறுத்திக்கொண்டார்.

நான் அவரைப் பரணுக்கு அழைத்துப் போய் மூங்கில், பீப்பாய், எல்லாவற்றையும் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேனென்று தெரியாது. வேலை தெரிந்தவரிடம் வேலையைக் காட்டத் தோன்றியது, அவ்வளவுதான். அவர் மூங்கிலின் சாய்வைக் கையால் அளந்தார். பிறகு கீழே எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"பெய்யுத தண்ணி எங்க போவுது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மேடைப் பலகை இடுக்குகளில் இறங்கி, கொட்டகைக்குள்ளேயே சேறாகிக் கொண்டிருந்தது. முன்வரிசையில் உட்காருகிறவர்கள் நாற்று நட வேண்டியதுதான்.

"மேடையைப் பின்னால பைய சரிச்சு, தார்ப்பாய விரிச்சு, பின்வாசலுக்கு ஒரு வாய்க்கா வெட்டினா, தண்ணி நேரே எம் வயலுக்கு வந்துரும்" என்றார் அவர். "நீங்க மழை பேஞ்சுக்கிடுங்க. நான் தண்ணி பாய்ச்சிக்கிடுதேன்."

அன்று சாயங்காலத்துக்குள் அவரே வாய்க்கால் வெட்டினார். குடத்தில் மொள்வதைப் பார்க்கச் சகிக்காமல், தன் தோட்டத்து ஏற்றத்தைப் பிரித்துக் கொண்டுவந்து கால்வாய் ஓரத்தில் நாட்டி, மிதிக்கத் தன் மைத்துனரையும் கூட்டி வந்தார். பீப்பாய்கள் அரைமணிக்குள் நிறைந்தன. கம்பெனியில் சேர்த்துக்கொள் என்று அவரும் கேட்கவில்லை, சேர்ந்துகொள்ளுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. மறுநாள் அவர் என்னிடம் வந்து, எந்த இடத்தில் பீப்பாயைத் திறக்க வேண்டும் என்று கேட்டார். என் விசில்தான் அடையாளம் என்றேன். சரி என்றார். பெண் விசிலடிக்கலாமா என்று கேட்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். ஏற்றம் இறைக்கிறவர்களுக்குப் பாட்டில்லாமல் கை ஓடாது. முதல் நாடகத்தன்று, ராணி குழந்தையைப் பறிகொடுத்து அழுகிற கட்டத்தில், கொட்டகைக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆண்குரல்கள் உற்சாகமாக ஏற்றப்பாட்டை எடுத்தன. ஆர்மோனியக்காரர் அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்த்தார். அவர்கள் அதைவிட ஓங்கிப் பாடினார்கள். சபையில் சிரிப்பு எழுந்தது. நான் மந்திரியைப் பிடித்து மேடைக்குத் தள்ளி, 'தாயே, வறண்ட கிணற்றில் குடியானவர்கள் இறைத்துப் பார்க்கிறார்கள், அந்த ஓசைதான் கேட்கிறது' என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். சிரித்த சபை அடங்கிவிட்டது. முன்னால் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வசனம் நாடகத்தில் நிலைத்துவிட்டது.

மழைக் காட்சிக்கு முன் அக்காவின் பாட்டு. அது எத்தனை ஆவர்த்தனம், மூங்கிலில் தண்ணீர் ஓடிவர எத்தனை அட்சரம் என்று நான் கழித்துப் பார்த்து வைத்திருந்தேன். எட்டு வருஷம் வாங்கிய அடி வீண்போகவில்லை. அக்கா கடைசி அடியை முடித்துக் கையை மேலே தூக்குவதற்கு இரண்டு ஆவர்த்தனம் முன்பே விசிலடித்தேன். கை உயர்ந்ததும் முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது.

கொட்டகையில் எழுந்த ஆரவாரத்தில் ஓலை பறந்துவிடும் போலிருந்தது. இரண்டு மூன்று பேர் குடையை விரித்தார்கள். பிறகு எல்லாருமாக 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினார்கள். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்பார்கள். மழைக்குக் கேட்டது அன்றுதான். பீப்பாய் காலி. மடைக்காரர் பரணிலிருந்து எட்டிப் பார்த்து, தாராளமாகப் பெய்யலாம், வயல் இன்னும் நனையவில்லை என்று சொன்னார். அவரும் மைத்துனரும் மறுபடி இறைத்து முடிக்கும்வரை அக்கா வருணபகவானை வர்ணித்து, வாயில் வந்த பெயரையெல்லாம் வைத்துப் பாடினாள். ஆற்றங்கரை ஊர்களின் பெயர்களை எல்லாம் வருணனுடைய மனைவிமார்களாக்கிவிட்டாள். இரண்டாவது மழையில் மீசை ஒருபக்கம் கழன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே நின்று நனைந்தாள். அதற்கும் கைத்தட்டல்.

குதிரையை ஊர் மறந்துவிட்டது. ஐந்தாறு நாடகம் தொடர்ந்து நனைந்ததில் அக்காவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு காலையில் எழுந்தபோது குரலே இல்லை, காற்றுத்தான் வந்தது. அன்றைக்கும் நாடகம் உண்டு. அவள் என்னைக் கூப்பிட்டு, மீசைப்பெட்டியை என் முன்னால் வைத்தாள். வசனம், பாட்டு எல்லாமே எனக்கு மனப்பாடம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் மாட்டேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பேச முடியாமல், கிசுகிசுப்பாகவே சண்டை போட்டாள். அப்படிச் சண்டை போடுகிறவரிடம் பதிலுக்குக் கத்தவும் முடியவில்லை, நானும் கிசுகிசுத்தேன். வெளியிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

"ஒனக்கும் எனக்கும் ஒரே வாத்தியாரு, ஒரே படிப்பு. நீ ஏன் ஒளிஞ்சுக்கிட்டே இருக்கே?" என்றாள்.

"ஒளியல. எனக்கு அங்கன நிக்கப் பிடிக்கல. இங்கன நிக்கத்தான் பிடிச்சிருக்கு."

அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. ஆட வராததால்தான் பின்னால் நிற்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் பாதி அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள், அப்படியானால் இன்றைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கையால் கேட்டாள்.

ராஜாவை மௌன விரதம் இருக்க வைத்தேன். மழை பெய்யும்வரை ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று ராஜா சபதம் செய்துவிட்டதாக மந்திரி தொடக்கத்திலேயே அறிவித்தார். ராஜாவின் மனதுக்குள் ஓடும் பாட்டுகளை ஆர்மோனியக்காரர் பாடினார். பதினைந்து வருஷமாகப் பாட வேண்டும் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த மனிதர். அன்றைக்கு நிறுத்தவே முடியவில்லை. அக்கா பேசாமல் கண்ணாலும் கையாலும் ஆடினாள். நட்டுவனார் கற்றுக்கொடுத்த அபிநயமெல்லாம் அன்றுதான் மேடையில் முழுசாக வந்தது. நான் விசிலை ஒரு ஆவர்த்தனம் தாமதமாக அடித்துவிட்டேன். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மறுநாள் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலர் தேடி வந்து பாராட்டினார்கள். ராஜா பேசாமல் இருப்பதுதான் இந்த நாடகத்திலேயே சிறந்த அம்சம் என்றார்கள். அக்காவுக்கு அது பெருமையா அவமானமா என்று தீர்மானிக்க முடியவில்லை. குரல் திரும்பியதும் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, விரதத்தை எடுத்துவிடு என்பதுதான். எடுத்துவிட்டேன். ஆர்மோனியக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மாசி பிறந்ததும் மடைக்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். கதிர் முற்றிவிட்டதாம். இனித் தண்ணீர் நின்றால் பயிர் சாய்ந்துவிடும்.

"மேனேஜரம்மா, மழையக் கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க" என்றார்.

என்னை அந்தப் பெயரில் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். வாய்க்காலைத் திருப்பி மழையைக் கால்வாய்க்கே விட்டோம். அதோடு தூறலாகவும் ஆக்கிவிட்டேன். சபையில் முணுமுணுப்பு இருந்தது. எங்களோடு தூத்துக்குடிக்கு வந்துவிடுங்கள், நல்ல வேலை என்று மடைக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அறுப்பு கிடக்கிறது என்றார். ஏற்றத்தைப் பிரித்துத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தூத்துக்குடியில் நோட்டீஸ் அடித்தபோது, அக்கா அச்சாபீஸ்காரரிடம் தன் பெயருக்குக் கீழே 'மேடை நிர்வாகம்' என்று என் பெயரைப் போடச் சொன்னாள். பெண் பெயராக இருக்கிறதே, தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று அவர் தாமாகவே ஆண் பெயராகத் திருத்தி அச்சடித்துவிட்டார். அக்கா அச்சாபீஸுக்கே போய்ச் சண்டை போட்டாள், இம்முறை முழுக் குரலில். நோட்டீஸை மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். அந்த ஊர்க் கொட்டகை மணல்மேட்டில் இருந்தது. குடிக்கவே தண்ணீர் விலைக்கு வாங்கினோம். மழைக்குப் பழையபடி அரிசிப்பொரிதான்.