இரண்டாம் பாகம் இருந்தது

1. முதல் நாள் கேள்வி

தங்கமணி வேலைக்கு வந்த முதல் நாளே என் பெயரைக் கெடுத்துவிட்டாள்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். மலையிலிருந்து வரும் காய்ந்த காயைச் சல்லடையில் போட்டால் அளவு பிரிந்துவிடும். வெடித்தது, வெளுத்தது, பூச்சி கடித்தது எல்லாம் கையால்தான் பொறுக்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் வேலை. வாய் சும்மா இருக்கும். உள்ளே செல்போன் கூடாது. அதனால் நான் கதை சொல்வேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நூலகத்தில் புத்தகம் எடுப்பேன். ராஜா கதைதான் பிடிக்கும். படித்ததைக் கொட்டகையில் சொல்வேன். கதை சொல்கிறவளுக்குக் கை மெதுவாகும். அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கள் பொறுக்கியதில் ஒரு கை அள்ளி அவள் முறத்தில் போடுவது எங்கள் வழக்கம். யாரும் கேட்டு வாங்குவதில்லை. அந்த ஒரு கை காய் எனக்குப் பெரிய மரியாதை.

தங்கமணி போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் காய் எடுத்தவள். முழங்கால் போனதால் கீழே வந்துவிட்டாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். என் வலது பக்கம் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்தாள்.

அன்று நான் சொன்னது எல்லோருக்கும் பிடித்த கதை. ராஜா படகில் போகிறார். ஆற்றில் புயல். தம்பி கரையில் நிற்கிறான். ராஜா மூழ்கிப்போனார், தம்பி அழுதுகொண்டே முடி சூடினான் என்று முடித்தேன். வழக்கம்போல இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"அக்கா, ராசா சாகலையே," என்றாள் தங்கமணி.

"செத்துட்டாரு."

"இல்லக்கா. ரெண்டாம் பாகத்துல உசுரோட வர்றாரே. நீங்க மொதப் பாகந்தான் படிச்சிருப்பீக."

கொட்டகையே என்னைப் பார்த்தது.

நூலகப் புத்தகம் புதிதாக பைண்டிங் செய்தது. முன்னால் எந்தப் பாகம் என்று போட்ட ஏடு இல்லை, பின்னாலும் ஏடு இல்லை. கடைசி நாலு பக்கம் கிழிந்திருக்கும் என்று நினைத்து முடிவை நானே கட்டினேன். போனது நாலு பக்கம் இல்லை. நானூறு பக்கம்.

"அது வேற புத்தகம்," என்றேன்.

2. ஒன்றும் நடக்காத கதை

என் இடது பக்கம் இருந்தவள் ராக்காயி. மறுவாரம் அவள்தான் ஆரம்பித்தாள். "தங்கமணி, நீ ஒண்ணு சொல்லு ஆத்தா. கேப்போம்."

தங்கமணி சொன்னது இலக்கிய நாவல். ஒரு மாமியார், ஒரு மருமகள். ஒரு செம்புப் பானையால் பேச்சு நின்றுபோகிறது. பதினோரு வருடம் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறார்கள். அவ்வளவுதான். குதிரை இல்லை, வாள் இல்லை.

"ஒண்ணுமே நடக்கலையே," என்றேன்.

"எங்க வீட்ல நெதம் நடக்குது. நீ சும்மாரு," என்றாள் ராக்காயி.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ராக்காயி ஒரு கை காய் அள்ளி, என்னைத் தாண்டி எட்டி, தங்கமணி முறத்தில் போட்டாள்.

அன்று நல்ல காயை எல்லாம் வெடிப்புக் குவியலில் போட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"என்ன வீரம்மாக்கா, கண்ணு எங்கருக்கு?"

கண் தங்கமணி முறத்தில் இருந்தது.

3. குறை தேடிப் படித்தது

அவளை மடக்க வேண்டும் என்றே இலக்கிய நாவல்களை எடுத்தேன். ஒன்றில் ஒருவன் நான்கு பக்கம் மழையைப் பார்க்கிறான். மழையில் நனைந்து காய் எடுப்பவளைக் கேட்டால் நாலு வார்த்தையில் சொல்லிவிடுவாள். இன்னொன்றில் அழுகை வரும் நேரம் பார்த்து எழுத்தாளர் ஓட்டுக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எரிச்சலாக இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்துக் காய் பொறுக்கும்போது அந்தக் கூரை ஞாபகம் வந்தது. ராஜா கதை எதுவும் அப்படி வந்ததில்லை. இதை ஒத்துக்கொள்ள மனசில்லை.

ராஜா கதைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு காலைப் பொழுதில் சேனை முழுவதும் குதிரையோடு மலை ஏறிவிடுகிறது. எழுதியவர் எங்கள் மலையடிவாரக் குரங்கணியிலிருந்து ஒரு தடவை மேலே நடந்து பார்த்திருக்க வேண்டும். எல்லாத் திரைக்குப் பின்னாலும் ஒற்றன் நிற்கிறான். ஒருவனுக்கும் இருமல் வருவதில்லை. அரண்மனையில் உலை வைக்கிறவளுக்குப் பெயரே கிடையாது.

ஆனாலும் அடுத்து என்ன என்று கேட்க வைப்பது லேசான வேலை இல்லை. ராஜா கதையை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். தங்கமணி மட்டமாகப் பேசவில்லை. சண்டை போடக்கூட அவள் எனக்கு வழி விடவில்லை.

4. படகு

இரண்டாம் பாகம் எங்கள் நூலகத்தில் இல்லை. தங்கமணியிடம் இருந்தது. அவளிடம் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

"பின்னே, அது வேற புத்தகம்னீகளேக்கா?"

"கொண்டான்னா கொண்டா."

சிரித்துக்கொண்டே கொண்டுவந்தாள்.

ராஜா பிழைத்துக் கரைக்கு வருகிறார். தம்பி முடி சூடியது தெரிகிறது. யாரிடமும் தன்னைச் சொல்லவில்லை. அதே ஆற்றில் படகு தள்ளுகிறார். ஒருநாள் தம்பி அந்தப் படகில் ஏறுகிறான். இருவருக்கும் அடையாளம் தெரிகிறது. அக்கரை வரை ஒரு வார்த்தை இல்லை.

அந்த இடத்தை நாலு தடவை படித்தேன். ராஜா கதைக்குள்ளேயே அந்த மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். நான் அந்த ராஜாவைப் பத்து நிமிடத்தில் கொன்றிருந்தேன்.

மறுநாள் கொட்டகையில் சொன்னேன். "அது வேற புத்தகம் இல்ல. முடிவு நாங் கட்டுனது."

ராக்காயி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்டி. ஒன் ராசா சாகையில நம்மளாட்டம் 'வெரசா போங்கடா, சோலி கெடக்கு'ன்னு பேசையிலயே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள், தங்கமணி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் பாகத்தை அவளே சொன்னாள். மூன்று நாள் ஆனது. அண்ணனும் தம்பியும் பேசாமல் போகிற இடத்தில் அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். காய் முறத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானாக இருந்தால் அங்கே நாலு வசனம் சேர்த்திருப்பேன். அவளுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது. அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிக்காத பாகத்தைப் படிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். எப்படியும் ஒருத்தி படித்துவிட்டு வருவாள்.

தங்கமணி கதையை நன்றாகச் சொன்னாள். இதை அவளிடம் நேரில் நான் சொன்னதில்லை. இனியும் வாய் வராது. இங்கே எழுதியிருக்கிறேன். எதையும் விடாமல் படிக்கிறவள், இதையும் படிப்பாள்.