சக்கரங்கள் தனிப் பையில்

என் வெள்ளவத்தை அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நான்கடி. கொட்டாஞ்சேனையில் நண்பன் ஜெறோமின் மொட்டை மாடியில் நீள்வட்டமாக ஒரு சிறு தண்டவாளம் இருக்கிறது. போன ஞாயிறு பத்துக் கிலோமீற்றர் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

கொண்டுபோனது ஒரு மாதிரி ரயில் எஞ்சின். முப்பது சென்ரிமீற்றர் நீளம், இரண்டரைக் கிலோ. செம்புக் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு. உண்மையான நீராவியில் ஓடும். லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், கல்யாணமொன்றுக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டார். அதுவரை ஒருதரமும் ஓட்டிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அதைக் கழற்றினேன். முழு எஞ்சினைக் கண்டால் சோதனைச் சாவடியில் கேட்பார்கள், துண்டு துண்டாக இருந்தால் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சக்கரங்களும் சட்டகமும் ஒரு பையில், உடுப்புகளுக்கு அடியில். கொதிகலன் மற்றப் பையில், துவாயில் சுற்றி. ஸ்பிரிட் ஒரு சோடாப் போத்தலில். இதிலுள்ள பிழை வாசிப்பவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்கு மறுநாள் காலை 8.35க்குத்தான் தெரிந்தது.

8.10க்கு ஓட்டோ. நானூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். ஓட்டியவர் நசீர் நானா, கொம்பனித்தெருக்காரர். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் மறித்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையைத் திறக்கச் சொன்னார்கள்.

சிப்பாய் துவாயை விரித்தான். இரு முனையும் மூடிய செம்புக் குழாய். அதன் தலையில் முள்ளோடு ஓர் அழுத்தமானி. பக்கத்தில் எரியக்கூடிய திரவம். இரண்டு அடி பின்னால் போனான்.

"மே மொகத்த?" இது என்ன?

"கோச்சிய, சேர்." ரயில் என்றேன்.

"கோ ரோத?" சக்கரங்கள் எங்கே?

நியாயமான கேள்வி.

பின்னால் ஒரு ட்ரக் நின்றது. பொலிஸ் நிலையத்துக்குப் போகிற இரண்டு பேர் ஏற்கெனவே அதில் இருந்தார்கள். நான் ஏறினால் நசீர் நானாவும் ஏறவேண்டும். எப்போது இறங்குவோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

துண்டுகளைச் சேர்த்துப் பூட்டிக் காட்டுகிறேன் என்றேன். நானா அதை நல்ல சிங்களத்தில் நீட்டிச் சொன்னார். சார்ஜன்ட் யோசித்து, நடைபாதையைக் காட்டினார். எல்லோரும் பத்தடி தள்ளி நின்றார்கள். நானாவும்.

எட்டுத் திருகாணி. வீட்டில் பத்து நிமிட வேலை. இங்கே இருபத்தைந்து. புகைபோக்கி ஏறியதும் அது எல்லோருக்கும் ரயிலாகத் தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"துவனவாத?" என்றார் சார்ஜன்ட். ஓடுமா?

தண்டவாளம் இல்லை. சக்கரங்கள் தரையில் படாதபடி இரண்டு செங்கல்லில் ஏற்றி வைத்தேன். கொண்டுவந்த பற்றரித் தண்ணீரை, அதாவது காய்ச்சி வடித்த தண்ணீரை, ஊற்றி விளக்கைக் கொளுத்தினேன். முள் அசையத் தொடங்கிய பிறகுதான் பாதுகாப்பு வால்வு ஞாபகம் வந்தது. அழுத்தம் கூடினால் அது சட்டென்று திறந்து சீறும். சுற்றிவர ஐந்து துப்பாக்கிகள்.

"நானா, கொஞ்சத்தால இது பலமாச் சீறும். பயப்பிட ஒண்டுமில்லை. அவைக்கு முதலே சொல்லிவிடுங்கோ. எனக்குச் சிங்களத்தில சொல்லத் தெரியேல்ல."

"அத இப்பவா செல்றீங்க, தம்பி? என்னயும் சேத்துல்ல சுடுவானுகள்."

திரும்பிச் சார்ஜன்டிடம் பேசினார். பிரஷர் குக்கர் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. எத்தனை விசிலில் இறக்குவது என்று ஒரு சிப்பாய் கேட்டான். ஒருவரும் பலமாகச் சிரிக்கவில்லை.

முதலில் சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரைத் திறந்தேன். அரைச் சுற்று, நின்றது. புகைபோக்கி சுடுதண்ணீரையும் எண்ணெயையும் என் சட்டையில் துப்பியது. விரலால் சக்கரத்தைத் தள்ளிவிட்டேன். பிடித்துக்கொண்டது. சத்தம் நான் எதிர்பார்த்ததல்ல. தூங்குகிறவரின் மூச்சு மாதிரி, சின்னது.

பிறகு வால்வு சீறியது. குக்கர் பகிடி விட்ட சிப்பாயின் விரல் விசைக்குப் போனது. அங்கேயே நின்றது. திரும்பி வந்தது.

பன்னிரண்டு நிமிடம் சக்கரங்கள் சுற்றின. எஞ்சின் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஏழு பேர் நின்று பார்த்தோம். ட்ரக்கில் இருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிட் தீர்ந்ததும் போகச் சொன்னார்கள். ட்ரக் அங்கேயே நின்றது.

கொட்டாஞ்சேனை, 10.05. ஜெறோமிடம் ஸ்பிரிட் இருந்தது. வளைவில் எஞ்சின் வேகம் குறைந்து, நேரான இடத்தில் தானாகக் கூடியது. ஒருதரமும் தடம் புரளவில்லை.

"முதல் ஓட்டம் எண்டு சொல்லாத மச்சான்," என்றான். "இது ஓடிப் பழகின எஞ்சின்."

"ஓம். வழியில கொஞ்சம் பழகினது."

புதிதாக ஓட்டப்போகிறவர்களுக்கு: பற்றரித் தண்ணீரே நல்லது, குழாய்த் தண்ணீரில் உப்புப் படியும். பழைய சட்டை போடுங்கள். சிலிண்டர் சூடாகும்வரை தள்ளிவிடத்தான் வேண்டும். ஸ்பிரிட்டைப் போகிற இடத்தில் வாங்குங்கள். எஞ்சினைக் கழற்றாதீர்கள். பார்த்த உடனே ரயில் என்று தெரியட்டும்.

இதில் கடைசியைப் பின்னேரம் 3.30க்கு நானே செய்து பார்த்தேன். அதே ஓட்டோ, அதே சாவடி. எஞ்சின் முழுதாக, திறந்தபடி என் மடியில். புதிய சிப்பாய் ஒருவன் குனிந்து அதைப் பார்த்துச் சிரித்தான். புகைபோக்கியை ஒரு விரலால் தொட்டான்.

பிறகு என் அட்டையை வாங்கினான். ஒருதரம் வாசித்தான். என் முகத்தைப் பார்த்தான். இன்னொருதரம் வாசித்தான்.